உலகம் முழுவதுக்கும் ஜெபிக்காதே

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு, அப்பா எழுதுகிறேன். ஸ்தோத்திரம்.

உங்கள் ஜெபக்குழுவில் மிஷனெரி ஜெபத்தை இனி நீதான் நடத்த வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள், எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். கூடவே அனுப்பிய பட்டியலையும் பார்த்தேன். 43 நாடுகள், 60 பெயர்கள், நேரமோ அரைமணி. கணக்குப் போட்டுப் பாரம்மா, ஒன்றுக்கு 17 விநாடிதான் வருகிறது. அதை ஜெபம் என்பதைவிட வகுப்பில் ஆஜர் கூப்பிடுவது என்று சொல்லலாம்.

முதல் வேலையாகப் பட்டியலை வெட்டு. மாதத்துக்கு ஒரு நாடு, பெயர் சொல்லி ஜெபிக்க ஐந்து ஊழியர்கள். அதற்கு மேல் வேண்டாம். மற்றவர்களைக் கைவிடுகிறோமே என்று மனம் உறுத்தும். மீதிப் பெயர்களைக் குழுவில் உள்ளவர்களுக்கு ஆளுக்கு இரண்டாகப் பிரித்துக் கொடுத்துவிடு. வீட்டில் அவர்கள் தாங்கட்டும். எல்லாருக்காகவும் எல்லாரும் ஜெபிப்பது என்று வைத்தால் மூன்றாவது மாதமே "சகல மிஷனெரிகளையும் ஆசீர்வதியும்" என்ற ஒரே வரியில் வந்து நிற்கும். எத்தனையோ குழுக்கள் அப்படித்தான் ஓய்ந்துபோயின.

அடுத்தது ஒரு நோட்டு. பக்கத்தை நெடுக்குக் கோடு போட்டு நான்கு பத்தியாகப் பிரி: தேதி, விண்ணப்பம், யாரிடமிருந்து வந்தது, என்ன ஆயிற்று. நான்காவது பத்தியைத்தான் எல்லாரும் வெறுமையாக விடுகிறார்கள். அதை நிரப்ப வேண்டுமானால் இரண்டாவது பத்தியில் எழுதுவது அளந்து பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். "நேபாளத்தைச் சந்தியும்" என்று எழுதினால் பதில் வந்ததா இல்லையா என்று எப்படிப் பார்ப்பாய்? "மார்ச் 20க்குள் அந்தக் குடும்பத்தின் விசா புதுப்பிக்கப்பட வேண்டும்" என்று எழுதினால் மார்ச் 21 அன்று கேட்டுவிடலாம்.

ரோமர் 15ஆம் அதிகாரத்தின் கடைசியைத் திறந்து பார். பவுல் மூன்றே விண்ணப்பம் கேட்கிறார். யூதேயாவில் இருக்கிற அவிசுவாசிகளின் கைக்குத் தப்ப வேண்டும், எருசலேமுக்குக் கொண்டுபோகிற உதவியைப் பரிசுத்தவான்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும், பிறகு சந்தோஷத்தோடே ரோமாபுரிக்கு வந்து சேர வேண்டும். இதை வைத்துக்கொண்டு அப்போஸ்தலர் 21 முதல் 28 வரை வாசி. எருசலேமில் சகோதரர் சந்தோஷமாய் ஏற்றுக்கொண்டார்கள். தேவாலயத்தில் அடித்துக் கொல்லப் பார்த்த கூட்டத்தின் கையிலிருந்து தப்பியது ரோமச் சேவகர் கைதுசெய்ததால். கொன்றுபோடும்வரை சாப்பிடுவதில்லை என்று சபதம் போட்டவர்கள் 40 பேருக்கு மேல். அதிலும் தப்பினார். அப்புறம் செசரியாவில் இரண்டு வருஷம் காவல், கப்பற்சேதம், மெலித்தா தீவு. கடைசியில் ரோமாபுரிக்கு வந்தார், விலங்கோடு. வழியில் அப்பியுபுரத்துக்கும் மூன்று சத்திரத்துக்கும் சகோதரர் எதிர்கொண்டு வந்ததைக் கண்டு தேவனை ஸ்தோத்திரித்துத் தைரியமடைந்தார் என்று இருக்கிறது. மூன்றுக்கும் பதில் வந்தது, ஆனால் தப்புவித்ததும் ரோமாபுரிக்குக் கொண்டுவந்ததும் கேட்டவர்கள் மனதில் இருந்த வழியில் அல்ல. நான்காவது பத்தி இல்லாதவர்களுக்கு இது தெரியாமலே போய்விடும்.

ஜெர்மனியில் உள்ள ஹெர்ன்ஹூட் என்ற ஊரைப் பற்றிப் பிரசங்கங்களில் கேட்டிருப்பாய். 1727 ஆகஸ்டில் அங்கிருந்த மொரேவிய சபையில் 24 ஆண்களும் 24 பெண்களும் ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று பிரித்துக்கொண்டு தொடங்கிய ஜெபம் 100 வருஷத்துக்கு மேல் நடந்தது. பிரசங்கிகள் கதையை அதோடு நிறுத்திவிடுவார்கள். ஐந்து வருஷத்தில், 1732இல், அவர்களில் இரண்டு பேர் கரீபியன் கடலில் உள்ள செயின்ட் தாமஸ் தீவின் அடிமைகளிடம் போனார்கள். அங்கிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் வந்த கடிதங்களைச் சபை கூடி உட்கார்ந்து வாசித்தது. ஜெபம் தொடர்ந்து எரிவதற்கு அந்தக் கடிதங்கள்தான் விறகு. இந்தியாவுக்கு மிஷனெரியாக வந்த வில்லியம் கேரியும் அப்படியே. இங்கிலாந்தில் அவர் வட்டாரத்துச் சபைகள் மாதத்தின் முதல் திங்கட்கிழமையில் கூடி ஜெபிக்கத் தொடங்கியது 1784இல். மிஷனெரிகளை அனுப்பும் சங்கம் உருவானது 1792இல். அந்த வருஷம் அவர் அச்சிட்ட சிறு நூலில் பல பக்கங்கள் வெறும் அட்டவணைதான்: ஒவ்வொரு நாட்டின் நீளம், அகலம், ஜனத்தொகை, மதம். செருப்புத் தைத்துக்கொண்டிருந்த மனிதர் சேர்த்த கணக்கு அது. பாரம் தானாக வருவதில்லையம்மா, விவரம் தெரியத் தெரியத்தான் வருகிறது.

ஒரு நாட்டை எடுத்தால் மூன்று கேள்விகளுக்குப் பதில் தேடு. சட்டம் என்ன சொல்கிறது? விசுவாசிகள் யார், எந்த மொழியில் ஆராதிக்கிறார்கள்? என்றைக்குக் கூடுகிறார்கள்?

ஈரானை எடுத்துக்கொள். அங்கே சபைக் கட்டடங்கள் இருக்கின்றனவே என்று சிலர் வாதாடுவார்கள். உண்மைதான். அர்மேனியரும் அசீரியரும் தங்கள் மொழியில் ஆராதிக்கலாம். இஸ்லாமிலிருந்து வந்தவர்களுக்காகப் பாரசீக மொழியில் ஆராதனை நடத்த அனுமதி இல்லை. அதனால்தான் வீட்டுச் சபைகள். பிடிபட்டால் பெரும்பாலும் மதத்தின் பேரில் வழக்குப் போடுவதில்லை, தேசப் பாதுகாப்புக்கு விரோதமானவர் என்று போடுவார்கள். ஜெபிக்கும்போது வழக்கறிஞர், நீதிபதி, ஜாமீன் தொகை, வெளியே வந்தபின் வேலை என்று ஒவ்வொன்றாகச் சொல்ல இது உதவும். எரித்திரேயாவில் 2002 முதல் ஆர்த்தடாக்ஸ், கத்தோலிக்க, லூத்தரன் சபைகளுக்கு மட்டுமே கிறிஸ்தவத்தில் அங்கீகாரம், மற்றச் சபைகளை மூடிவிட்டார்கள். நேபாளத்தில் 2018இல் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டப்படி ஒருவரை மதம் மாற்றினால் ஐந்து வருஷம் வரை சிறை.

நாளையும் கவனி. நேபாளத்தில் வார விடுமுறை சனிக்கிழமை, ஆராதனையும் அன்றைக்கே. குவைத், கத்தார் போன்ற நாடுகளில் வெள்ளி. ஐக்கிய அரபு அமீரகம் 2022இல் விடுமுறையைச் சனி, ஞாயிறுக்கு மாற்றிவிட்டது. ஆகவே பழைய குறிப்பை அப்படியே நம்பாமல் விசாரித்து எழுது. அவர்கள் கூடுகிற நேரத்தில் நாமும் ஜெபிக்கிறோம் என்பது சின்ன விஷயம்தான். ஆனால் வெள்ளிக்கிழமை காலையில் ஐந்து நிமிஷம் ஒதுக்குகிறவர்கள் அந்தச் சபையை லேசில் மறப்பதில்லை.

உபத்திரவப்படும் கிறிஸ்தவர்களுக்கு உதவும் ஓப்பன் டோர்ஸ் என்ற அமைப்பு ஒவ்வொரு ஜனவரியிலும் உபத்திரவம் அதிகமுள்ள 50 நாடுகளின் பட்டியலை வெளியிடுகிறது. யார் முதலிடம் என்பதுதான் பேச்சாகும். 2002 முதல் பெரும்பாலும் வட கொரியாதான், 2022இல் மட்டும் ஆப்கானிஸ்தான். எனக்கு முக்கியமாகப் படுவது அவர்கள் மதிப்பெண் போடும் விதம். தனிவாழ்க்கை, குடும்பம், சமுதாயம், தேசம், சபை என்று ஐந்து இடங்களில் வரும் நெருக்கத்தை அளக்கிறார்கள். ஆறாவதாகத்தான் வன்முறை. நம் ஜெபமோ இரத்தம் சிந்தின செய்திக்கே கண்ணீர் விடுகிறது. சொத்தில் பங்கு மறுக்கப்பட்டவன், கணவன் கைவிட்டவள், புதைக்க இடம் கிடைக்காத குடும்பம், பிள்ளையின் பள்ளிச் சான்றிதழில் மதத்தை மாற்ற முடியாத தகப்பன் எல்லாம் நம் ஜெபத்தில் வருவதே இல்லை. புதிதாய் விசுவாசத்துக்கு வந்தவனுக்கு முதல் இராத்திரி தேவைப்படுவது தங்க ஒரு இடம். அதைக் கேள்.

பொய்ச் செய்தி பற்றிச் சற்று நீளமாகவே சொல்கிறேன், நடத்துகிறவர்கள் கால் தடுக்கி விழுகிற இடம் இது. "ஆப்கானிஸ்தானில் 22 மிஷனெரிகளுக்கு நாளை மரணதண்டனை, உடனே ஜெபியுங்கள்" என்ற செய்தி உனக்கு வந்திருக்கலாம், இல்லாவிட்டால் வரும். பல வருஷமாகச் சுற்றுகிறது. "நாளை" என்று எழுதியிருக்கிறதே தவிர தேதி கிடையாது, அதனால் அதற்கு வயதாவதே இல்லை. 2007 ஜூலையில் தென் கொரியச் சபை ஒன்றைச் சேர்ந்த 23 பேரைத் தாலிபான்கள் கடத்தியது நடந்த சம்பவம். இரண்டு பேரைக் கொன்றார்கள், மற்ற 21 பேரும் அந்த ஆகஸ்ட் முடிவதற்குள் விடுதலையானார்கள். தேதி இல்லாத செய்தி, இடத்தின் பெயர் இல்லாத செய்தி, "பத்துப் பேருக்கு அனுப்பு" என்று முடியும் செய்தி ஆகிய மூன்றையும் குழுவில் வாசிக்காதே. ஒன்றையொன்று பார்த்து எழுதாத இரண்டு இடங்களில் உறுதியானால் மட்டும் நோட்டில் ஏற்று. ஒருமுறை பொய்க்காக அழுதுவிட்டால் அடுத்த மெய்யான செய்திக்கு ஜனம் அசையாது.

உண்மையான செய்தியையும் பத்திரமாகக் கையாள வேண்டும். கட்டுப்பாடுள்ள நாடுகளில் இருக்கிற ஊழியருக்கு எழுதும்போது மிஷனெரி, சபை, ஞானஸ்நானம் போன்ற சொற்களைத் தவிர்த்து, அவர் எப்படி எழுதுகிறாரோ அப்படியே எழுது. அவர் "நண்பர்கள்" என்று எழுதினால் நீயும் அப்படியே. ஞானஸ்நானப் படங்களை யாருக்கும் அனுப்பாதே. முகம் போதும் ஒருவனைக் கண்டுபிடிக்க, படத்துக்குள் இடக்குறிப்பும் பதிந்திருக்கும். ஜெபக்கடிதத்தை மற்றவருக்கு அனுப்புமுன் அவரிடம் கேள். குழுவில் முதலெழுத்தும் நாடும் போதும். கர்த்தருக்கு முழுப்பெயரும் தெரியும்.

வேதாகம மொழிபெயர்ப்பு ஊழியர் ஒருவரையாவது உன் ஐந்தில் வை. ஜெபிக்கப் படிப்படியாக விஷயம் கிடைக்கும். முதல் வரைவு எழுதுவார்கள், குழு திருத்தும். பிறகு கிராமத்தில் வாசித்துக் காட்டிக் கேள்வி கேட்பார்கள். "இதில் யார் யாரிடம் பேசுகிறார்?" என்று கேட்டால் பதில் தப்பாக வரும், வரி திரும்ப எழுதப்படும். மூலத்தைப் பார்க்காத ஒருவர் அதைப் பொதுமொழிக்குத் திருப்பி மொழிபெயர்ப்பார். அதை வைத்து ஆலோசகர் வசனம் வசனமாகச் சோதிப்பார். துக்கமும் சந்தோஷமும் இருதயத்தில் இல்லாமல் ஈரலில் இருக்கிற மொழிகள் உண்டு. அங்கே "இருதயம் கலங்காதிருப்பதாக" என்பதை எப்படிச் சொல்வது? அந்த ஒரு சொல்லுக்காக ஒரு வாரம் ஜெபிக்கலாம். முழு வேதாகமம் இருக்கிற மொழிகள் 700ஐத் தாண்டிவிட்டன, பேசப்படும் மொழிகளோ ஏறக்குறைய 7,000.

ஊழியர்கள் கடிதத்தில் எழுதத் தயங்குகிறவற்றையும் சேர்த்துக்கொள்: உடன் ஊழியரோடு மனஸ்தாபம், மொழி வராத சோர்வு, பிள்ளைகளின் படிப்பு, ஊரில் வயதான பெற்றோர். கேட்காமலே ஜெபிக்கலாம், யாரும் மறுக்கமாட்டார்கள்.

அரைமணியை இப்படிப் பிரி. ஐந்து நிமிஷம் செய்தி, வரைபடத்தைக் காட்டு. அதற்கு மேல் பேசினால் செய்தியே நேரத்தை விழுங்கிவிடும், அரசியலும் நுழையும். 20 நிமிஷம் ஜெபம், ஆளுக்கு ஒரு விண்ணப்பம், இரண்டு நிமிஷத்துக்குள். தேவனுக்குச் செய்தி வாசிக்கிறவர்களும் ஜெபத்துக்குள் பிரசங்கிக்கிறவர்களும் எல்லாக் குழுவிலும் உண்டு. விண்ணப்பத்தைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டால் பாதி அடங்கும். மீதி ஐந்து நிமிஷம் நான்காவது பத்திக்கு. விடுதலைக்காக மட்டும் கேட்கவைக்காதே. அப்போஸ்தலர் 4இல் மிரட்டப்பட்ட சபை கேட்டது தைரியத்தை. உபத்திரவப்படுத்துகிறவனுக்காக ஒருவராவது ஜெபிக்கட்டும், பிற்பாடு பவுலாக மாறிய சவுலும் அப்படி ஒருவன்தான்.

நவம்பர் முதல் ஞாயிறை உபத்திரவப்படும் சபைக்கென்று பல சபைகள் அனுசரிக்கின்றன, மார்ச் முதல் வெள்ளி பெண்களின் உலக ஜெப நாள். இரண்டையும் இப்போதே குறித்து வை.

முதல் மாதத்துக்கு நேபாளத்தை எடு, சனிக்கிழமையிலிருந்து தொடங்கு. நோட்டின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பு. பெயர்களை மறைத்துவிட்டு.

அன்புடன்,
அப்பா