பாதி ஐந்து

எய்ன்ட்ஹோவன்,
நெதர்லாந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் நலமா? இப்படி நலம் விசாரிக்காமல் எடுத்த எடுப்பிலேயே விஷயத்துக்கு வருவதை இங்கே டச்சு மொழியில் ‘கதவோடு சேர்ந்து வீட்டுக்குள் விழுவது’ என்கிறார்கள். ஊரே அப்படித்தான் விழுகிறது. எனக்கு இன்னும் அந்தத் துணிச்சல் வரவில்லை.

போன வாரம் பக்கத்து வீட்டு அம்மாள் காப்பி சாப்பிட அழைத்தார். ‘ஹால்ஃப் ஃபைஃப்’ மணிக்கு வரச் சொன்னார். ஹால்ஃப் பாதி, ஃபைஃப் ஐந்து. ஐந்தரை என்று கணக்குப் போட்டு, அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கையும் எடுத்துக்கொண்டு போனேன். அங்கே இரவுச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது! ஆறு மணிக்கெல்லாம் சாப்பிட உட்காருகிறவர்கள். ‘பாதி ஐந்து’ என்றால் ஐந்தை நோக்கிப் பாதி வழி, அதாவது நாலரை. இதாவது பரவாயில்லை, இரண்டு இருபதை ‘பாதி மூன்றுக்குப் பத்து முன்’ என்பார்கள். ரயிலுக்கு ஓடுகிறவன் இதை எப்போது கணக்குப் போடுவது?

இலக்கணத்தில் மட்டும் உங்கள் மானத்தைக் காப்பாற்றிவிட்டேன். டச்சு மொழியின் சாதாரண வாக்கியத்தில் வினைக்கு இரண்டாவது இடம்தான். ‘நாளை’ என்று தொடங்கினால் ‘நாளை போகிறேன் நான் சந்தைக்கு’ என்று எழுவாய் பின்னால் தள்ளப்படும். ஆனால் ‘ஓம்டாட்’ என்ற காரணச் சொல் வந்துவிட்டால் வினை ஓடிப்போய்க் கடைசியில் நின்றுகொள்ளும்: ‘ஓம்டாட் இக் ஸீக் பென்’, அதாவது ‘ஏனென்றால் நான் உடம்பு சரியில்லாமல் இருக்கிறேன்’. கடைசியில் நிற்கும் ‘பென்’தான் ‘இருக்கிறேன்’. ஆங்கிலம் பேசி வளர்ந்த வகுப்புத் தோழர்கள் இங்கே தடுக்கி விழுகிறார்கள். எனக்கோ நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. கர்வப்பட்ட மறுநாளே ‘வான்ட்’ என்று இன்னொரு சொல் வந்தது. அதற்கும் ‘ஏனென்றால்’ என்றுதான் பொருள், ஆனால் அது வினையை அசைக்காது. என் நோட்டில் சிவப்பு மை.

‘மார்’ என்று ஒரு குட்டிச் சொல் இருக்கிறது. அகராதியில் ‘ஆனால்’ என்று போட்டிருக்கிறது. ‘கோம் மார் பின்னன்’ என்று பக்கத்து வீட்டு அம்மாள் கதவைத் திறந்தபோது, இதில் என்ன ஆனால் என்று விழித்தேன். அது நம் ஏகாரம் அப்பா! ‘உள்ளே வாருங்களேன்’ என்பதில் வருகிறதே, அதே குழைவு. இதை ஆசிரியைக்கு விளக்க எனக்கு டச்சு போதவில்லை.

புது இடத்தில் ஆழம் பார்த்துக் காலை விடுவதை ‘பூனையை மரத்திலிருந்து இறங்கும்வரை பார்ப்பது’ என்கிறார்கள். அலுவலகத்தில் நான் இன்னும் பூனையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் நேரம் மாலை நாலரைக்குத் தொலைபேசியில் அழைக்கிறேன். நம் நாலரை, அப்பா. ஐந்தரைவரை காத்திருக்க வேண்டாம்.

அன்பு மகள்