தலைமை நாற்காலியில் ஏன் எப்போதும் மனிதன்?

அண்ணா நகர், மதுரை

அன்புள்ள வாசுகி,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணனுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்தபாடில்லை. ஆனாலும் வாசல் தெளித்துக் கோலம் போடுவதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறாள். புது நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023இல் திறந்ததிலிருந்து சனிக்கிழமைகளில் என்னைத் தேடுகிறவர்கள் நேராக அங்கேதான் வருகிறார்கள்.

பேரனோடு உட்கார்ந்து பழைய ‘ஸ்டார் ட்ரெக்’ பார்க்கிறாய் என்று எழுதியிருந்தாய். பல கிரகத்து இனங்கள் சேர்ந்த கூட்டமைப்பு என்கிறார்கள், கப்பலைப் பார்த்தால் முக்கால்வாசிப் பேர் மனிதர்கள், கேப்டனும் மனிதன், இது ஏன்டி என்று கேட்டிருந்தாய். அதை வாசித்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை.

முதல் காரணம் காசுதான். 1966இல் ஆரம்பித்த தொலைக்காட்சித் தொடர் அது. ஒருவருக்குக் கூரான காது ஒட்டலாம், கப்பலில் இருக்கும் எல்லோருக்கும் செதிலும் கொம்பும் வைக்கக் கட்டுப்படியாகாது. ஆனால் நாவலுக்கு இந்தச் சாக்கு செல்லாது. எட்டுக் கால் உள்ள ஜீவனை எழுத மை ஒன்றும் கூடுதலாகச் செலவாகாது. ஜேம்ஸ் வைட் என்ற எழுத்தாளர் 1957இல் ஒரு விண்வெளி ஆஸ்பத்திரியைக் கற்பனை செய்தார். 384 தளங்கள். ஒவ்வொரு இனத்துக்கும் அதற்கேற்ற காற்று, வெப்பம், ஈர்ப்பு. எல்லா இனங்களுக்கும் நாலெழுத்துக் குறியீடு உண்டு. அதில் மனிதனும் வெறும் ஒரு குறியீடுதான். விலங்கியல் படித்த நம் இருவருக்கும் தேன் மாதிரியான கதைகள் அவை. ஆனால் அங்கேயும் கதை சுற்றி வருவது ஒரு மனித டாக்டரை. மனநலப் பிரிவின் தலைவரும் மனிதர்.

பத்திரிகை ஆசிரியர்களுக்கும் இதில் பங்கு உண்டு. 1937 கடைசியில் ‘அஸ்டவுண்டிங்’ என்ற அமெரிக்க அறிவியல் புனைகதைப் பத்திரிகைக்கு ஆசிரியரான ஜான் கேம்ப்பெல்லுக்கு மனிதன் தோற்கிற கதை பிடிக்காது. பூமிக்காரர்கள் விண்மீன் கூட்டமைப்பில் சேர்வதைப் பற்றி எழுத்தாளர் ஐசக் அஸிமோவ் எழுதிய கதை 1940இல் அதில் வந்தது. மனிதன்தான் உசத்தி என்கிற தொனியைக் கேம்ப்பெல் அதில் ஏற்றியதை அஸிமோவால் ஏற்க முடியவில்லை. அந்த மல்லுக்கட்டே வேண்டாமென்றுதான், 1942இல் தொடங்கிய தன் ‘ஃபவுண்டேஷன்’ கதை வரிசையில் விண்மீன் மண்டலம் முழுக்க மனிதர்களை மட்டுமே குடிவைத்தார். ஒரு ஆசிரியரின் பிடிவாதம் ஒரு பிரபஞ்சத்தையே காலி செய்துவிட்டது பார்.

ஆனால் என்னை உறுத்துவது வேறு. ஸ்டார் ட்ரெக் கதைகளில் வரும் மற்ற இனங்களைக் கவனி. வல்கன்கள் என்றால் தர்க்கம், கிளிங்கான்கள் என்றால் போர், ஃபெரங்கிகள் என்றால் லாபம். ஒரு கிரகம் முழுக்க ஒரே குணம். மனிதர்களில் மட்டும் சிடுசிடு டாக்டர் உண்டு, கப்பல் எஞ்சினைக் குழந்தை போலப் பார்ப்பவன் உண்டு, துணிந்தவன், தயங்குகிறவன் எல்லாரும் உண்டு. அப்புறம் கடைசியில், ‘மனிதனிடம் எல்லாம் அளவாகக் கலந்திருக்கிறது, எல்லோரையும் இணைக்க அவனால்தான் முடியும்’ என்று தீர்ப்பு வருகிறது. மற்றவர்களுக்கு ஆளுக்கொரு குணத்தைப் பங்குவைத்துவிட்டு மிச்சம் எல்லாவற்றையும் தனக்கு எடுத்துக்கொண்டால் இப்படித்தானே முடியும்?

நமக்கு முதல் வருஷமே சொல்லிக்கொடுத்தார்களே, ஓர் இனத்துக்குள்ளேயே வேறுபாடுகள் இருந்தால்தான் இயற்கைத் தேர்வு நடக்கும் என்று. ஒரே கண்மாயில் பிடித்த தவளைகளில்கூட ஒன்று போல ஒன்று இருக்காது. விண்கலம் கட்டும் அளவுக்குப் பரிணமித்த ஓர் இனத்தில் கோழையோ கவிஞனோ சோம்பேறியோ இல்லை என்றால், எந்தக் கிரகத்திலும் அது நடக்காத காரியம்.

‘பாபிலோன் 5’ என்ற இன்னொரு விண்வெளித் தொடரில் மனிதர்களின் பெருமையே அவர்கள் சமூகங்களைக் கட்டுவதுதான் என்று வேற்றுக்கிரகப் பெண்ணான டெலனையே சொல்ல வைத்திருக்கிறார்கள். பிறகு அமையும் கூட்டணிக்கு முதல் தலைவரும் மனிதரே. அந்தத் தொடர் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனாலும் எந்தக் கூட்டத்தில் கை ஓங்கியவர்களும் தங்களைப் பற்றி இதைத்தானே சொல்லிக்கொள்கிறார்கள்? 1991இல் வந்த ஸ்டார் ட்ரெக் படத்தில் ஒரு கிளிங்கான் பெண் விருந்து மேசையில் இதைப் போட்டு உடைக்கிறாள். உங்கள் கூட்டமைப்பு மனிதர்களுக்கு மட்டுமான ஒரு கிளப் என்கிறாள். அவள் சொல்வதில் உண்மை இருக்கிறது. அவர்கள் விண்படையின் தலைமையகமே சான் ஃபிரான்சிஸ்கோவில்தான் இருக்கிறது.

இதை யோசித்துக்கொண்டிருக்கும்போதுதான் கம்பர் ஞாபகத்துக்கு வந்தார். குகனோடு ஐவரானோம், சுக்ரீவனோடு அறுவரானோம், உன்னோடு எழுவரானோம் என்று ராமன் விபீடணனிடம் சொல்கிறானே, ஒரு மனிதன் வானரத்தையும் அரக்கனையும் உடன்பிறப்பாக்கிக்கொள்கிற இடம். எத்தனை முறை படித்தாலும் எனக்குக் கண் கலங்கும். அதோடு ஒரு கேள்வியும் எழுகிறது. சீதை இருக்கும் இடத்தைச் சொன்னது கழுகு, போய்ப் பார்த்து வந்தது வானரம், அணை கட்டியதும் வானரம். எண்ணிக்கையை ஆரம்பிக்கும் இடத்தில் மட்டும் மனிதன் நிற்கிறான். சுக்ரீவன் எண்ணியிருந்தால் எங்கிருந்து ஆரம்பித்திருப்பான்?

வாலி வதையை மறுபடி எடுத்துப் படித்துப் பார். மார்பில் அம்போடு கிடக்கும் வாலி கேட்பது சாதாரணக் கேள்வி இல்லை. உங்களுக்கு விதித்த மண முறை எங்கள் இனத்துக்கு விதிக்கப்படவில்லையே, அதை வைத்து என்னை எப்படித் தண்டித்தாய் என்கிறான். நல்லது கெட்டது தெரிந்த பிறகு விலங்கு என்று தப்ப முடியாது, என் தந்தை போன்ற சடாயுவும் கழுகரசன்தானே என்று ராமன் பதில் சொல்கிறான். பல இனங்கள் சேர்ந்த கூட்டணியில் யாருடைய சட்டம் செல்லும்? இதைவிடக் கூர்மையாக அதைக் கேட்ட விண்வெளி நாவலை நான் படித்ததில்லை. வழக்கில் ஜெயிப்பது என்னவோ மனிதச் சட்டம்தான். ஆனால் கம்பர் வாலிக்கு வாயைக் கொடுத்தார், வாதத்தைக் கொடுத்தார். அறம் மனிதனுக்கு மட்டும் சொந்தமில்லை என்று ராமன் வாயாலேயே சொல்லவும் வைத்தார். கப்பலில் பின்வரிசையில் நிற்கும் செதில்முகக்காரருக்கு அந்த அளவு இடம் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

நிஜத்தில் இனம் விட்டு இனம் கூட்டுச் சேர்வது எவ்வளவு வித்தியாசமாக இருக்கிறது தெரியுமா? மொசாம்பிக்கின் நியாசா பகுதியில் யாவோ மக்கள் தேனெடுக்கப் போகும்போது ஒருவித உறுமல் ஒலி எழுப்புவார்கள். தேன்காட்டிப் பறவை வந்து, தேன்கூடு இருக்கும் மரத்துக்கு முன்னால் பறந்து வழிகாட்டும். மனிதன் புகை போட்டுத் தேனை எடுத்துக்கொள்வான், பறவைக்கு மெழுகு. அந்த ஒலியை எழுப்பினால் பறவை வழிகாட்டும் வாய்ப்பு 33 சதவீதத்திலிருந்து 66 ஆக உயர்கிறது என்று 2016இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. காட்டுப் பறவை அது, யாரும் பழக்கியதில்லை. அங்கே மனிதன்தான் பின்னால் நடக்கிறான். கூட்டணி நன்றாகவே நடக்கிறது.

பெக்கி சேம்பர்ஸ் என்ற அமெரிக்க எழுத்தாளரின் முதல் நாவல் 2014இல் வந்தது, அதை நீ அவசியம் படிக்க வேண்டும். அதில் மனிதர்கள் பூமியைப் பாழாக்கிவிட்டுக் கிளம்பிய, பல இனங்களின் கூட்டமைப்புக்குத் தாமதமாக வந்து சேர்ந்த சின்ன இனம். அதிகாரம் வேறு இனங்களிடம் இருக்கிறது. அதிலும் கப்பலின் கேப்டன் மனிதன்தான் என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

தமிழில் இதை எழுத வேண்டும் வாசுகி. அந்த அமெரிக்கக் கதைகளைப் படித்து வளர்ந்த நமக்கு, பெரிய சபையில் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து அங்கே நடப்பதைக் கவனிப்பது எப்படி என்று தெரியும். கல்லூரி மலரில் நீ எழுதிய கதைகளை நான் மறக்கவில்லை. வானரச் சபையிலோ வேறு கிரகத்துச் சபையிலோ, மனிதன் மொழிபெயர்ப்பாளனாகவோ கணக்கனாகவோ மட்டும் வரட்டும். பேசுகிறவர்கள் மற்றவர்களாக இருக்கட்டும். அவர்களுக்குள்ளும் நாலு விதமான ஆட்கள் இருக்க வேண்டும், அதை மட்டும் விட்டுவிடாதே.

ஐப்பசியில் ரேவதி மகள் கல்யாணத்துக்கு வருகிறாய்தானே? நம் வீட்டிலேயே தங்கிக்கொள், மண்டபம் பக்கம்தான். அதற்குள் எழுதிய வரைக்கும் கொண்டு வா, முடிக்காவிட்டாலும் பரவாயில்லை. அண்ணனைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
செல்வி