முதுகுப் பக்கம்

கும்பகோணம்
கார்த்திகை 20

அன்பு மகள் சுமதிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். மாப்பிள்ளையையும் பேரனையும் கேட்டதாகச் சொல். மழை விட்டுவிட்டது. கொல்லைச் சுவரில் பாசிதான் இன்னும் விடவில்லை.

போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று கேட்டுக்கொண்டே நீ வேறு வேலை பார்ப்பாய். அதனால்தான் எழுதி, போட்டோ எடுத்து அனுப்புகிறேன். தை மாதம் வந்து இறங்கியதும் மகாபலிபுரத்தில் இரண்டு நாள் தங்குவதாகச் சொன்னாயே, போகிற வழியில் ஒரு காலைப்பொழுது எனக்கு வேண்டும். அதே ஈசிஆர் ரோட்டில், திருவான்மியூர் தாண்டி ஈஞ்சம்பாக்கத்தில், சோழமண்டலம் ஓவியர் கிராமம் இருக்கிறது. உள்ளே ஒரு மியூசியம், வெளியே சிற்பத் தோட்டம்.

நான் ஆவணியிலேயே ஒரு தடவை போய் வந்துவிட்டேன். கண் செக்கப்புக்குச் சென்னை வந்தபோது உன் சித்தப்பா மகன் பைக்கில் கூட்டிப்போனான். அரை மணி ஆவதற்குள் அவனுக்கு ஒரு போன் வந்தது, கிளம்பிவிட்டோம். பார்த்தது அரைகுறை. ஆனால் அது இன்னும் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

பி.வி.ஜானகிராம் என்று ஒரு சிற்பி. 1995இல் காலமாகிவிட்டார். செம்புத் தகட்டைத் தட்டி முகம் எடுத்து, அதன்மேல் கம்பி கம்பியாகப் பற்றவைத்துப் புருவம், நகை, துணி மடிப்பு எல்லாம் காட்டியிருக்கிறார். நம் பட்டறை வேலை உனக்குத் தெரியும். தகட்டைப் பழுக்கக் காய்ச்சி, ஆறவிட்டு, அரக்கில் பதித்து, உள்பக்கமிருந்து தட்டிப் புடைக்க வைப்போம். கொஞ்சம் தட்டியதுமே செம்பு இறுகிப்போகும், மறுபடி காய்ச்ச வேண்டும். கடைசியில் திருப்பிப் போட்டு முன்பக்கம் உளியால் கோடு இழுப்போம். இவர் கோட்டை உளியால் இறக்காமல் கம்பியால் மேலே எழுப்பிவிட்டார். பற்றவைத்த இடத்தில் அரம்கூடப் போடவில்லை, முண்டும் முடிச்சுமாக அப்படியே நிற்கிறது. உன் தாத்தா பார்த்திருந்தால், "முடிக்காத வேலைக்கு எவன்டா கூலி கொடுத்தது?" என்று கேட்டிருப்பார். எனக்கும் முதல் ஐந்து நிமிஷம் அதுதான் தோன்றியது.

பிறகு கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன். கவசம்! கோயிலில் சாமிக்குச் சாத்துகிற கவசம்தான் அது. ஊருக்கு வந்து விசாரித்துப் படித்தால், அந்தக் கிராமத்துச் சிற்பிகளில் சிலர் நிஜமாகவே அந்தக் கவச வேலையைப் பார்த்துத்தான் இந்த வழியைப் பிடித்திருக்கிறார்கள். எஸ்.நந்தகோபால் என்று இன்னொருவர், 2017இல் போய்விட்டார். செம்பையும் பித்தளையையும் பற்றவைத்து ஆள் உயரத்துக்கும் மேலே எழுப்பியிருக்கிறார். அவருடையதும் முன்பக்கத்துக்கென்றே செய்தது. நீ இருக்கிற ஊரில் சிலையைச் சுற்றிச் சுற்றி வந்து பார்ப்பார்கள். நாம் கர்ப்பக்கிரகத்துக்கு எதிரே நின்று பார்த்தே பழகிய ஜனம், சாமியின் முதுகை யார் பார்த்தது?

நீ பார்த்தாய். நாலாவது படிக்கும்போது. ஒரு கிராமத்து அம்மனுக்குக் கவசம் செய்து, மறுநாள் கொண்டுபோய்க் கொடுக்கத் திண்ணையில் சாய்த்து வைத்திருந்தேன். நீ பின்பக்கமாகத் தலையை விட்டு டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "அப்பா, அம்மன் மூக்கு குழியா இருக்கு, ஆனா நான் நகர்ந்தா என்னையே திரும்பிப் பார்க்குது" என்று கத்தினாய். சாத்துவதற்கு முன் எச்சில் படுமே என்று முதுகில் ஒன்று வைத்தேன். அன்று ராத்திரி நீ சாப்பிடவில்லை. முப்பது வருஷம் அந்தப் பக்கமிருந்து தட்டினவன் நான். ஒரு நாளும் விளக்கைப் பிடித்து உள்ளே பார்த்ததில்லை. அடுத்த கவசம் செய்தபோது யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து டார்ச் அடித்தேன். நீ சொன்னது சரி. இதை உன்னிடம் நான் சொல்லவே இல்லை.

அதனால் இந்தத் தடவை முதுகுப் பக்கம் பார்க்க வேண்டும். எங்கே முட்டுக் கொடுத்திருக்கிறார்கள், கனத்தை எது தாங்குகிறது, பற்று உள்பக்கம் வரை ஓடியிருக்கிறதா என்று. சுவரை ஒட்டி வைத்திருந்தால் விட்டுவிடுவோம், தோட்டத்தில் நிற்பதைச் சுற்றி வரலாம்.

அந்த இடம் உண்டான கதை மாப்பிள்ளைக்குப் பிடிக்கும், கணக்குப் பார்க்கிறவர் இல்லையா. நந்தகோபாலின் அப்பா கே.சி.எஸ்.பணிக்கர் அப்போது சென்னை ஓவியக் கல்லூரி பிரின்ஸிபால். படம் வரைந்தால் மட்டும் பிழைக்க முடியாது என்று கண்டு, மாணவர்களும் அவரும் சேர்ந்து மெழுகு வைத்துச் சாயம் போடுகிற பத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்றுப் பணம் சேர்த்தார்கள். அதில் கடலோரம் மணல்காடாய்க் கிடந்த நிலத்தை வாங்கி 1966இல் குடியேறினார்கள். ஏறக்குறைய ஒரு சீட்டுக் கம்பெனி மாதிரிதான், ஆனால் யாரும் ஓடிப்போகவில்லை. மியூசியம் வெகு பின்னால், 2009இல் வந்தது.

இப்போது திட்டம். சனி, ஞாயிறு வேண்டாம், மகாபலிபுரம் போகிற கார் எல்லாம் அந்த ரோட்டில்தான் நிற்கும். செவ்வாயோ புதனோ வைத்துக்கொள். நேரமும் டிக்கெட்டும் நெட்டில் பார்த்துவிடு. நாங்கள் முதல் நாள் ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸில் ஏறிவிடுவோம். திறந்ததும் முதலில் தோட்டம், வெயில் ஏறியபின் உள்ளே. உள்ளே எல்லாவற்றையும் பார்க்க வேண்டியதில்லை. பணிக்கர் படம் ஜாதகக் கட்டம் மாதிரி இருக்கும். எழுத்தும் இருக்கும், படிக்கத்தான் முடியாது. எந்த ஜோசியரையும் கேட்காதே. பேரனுக்கு ராமானுஜம் என்கிற ஓவியரின் படங்களைக் காட்டு. பேனா மையால் மாளிகையும் பறக்கிற மிருகமுமாகப் போட்டு, நடுவில் தொப்பி வைத்துத் தானும் இருப்பார். அந்தப் பிள்ளை அங்கேயே வாழ்ந்து, முப்பதை ஒட்டிய வயதில் 1973இல் போய்ச் சேர்ந்துவிட்டது. அதைப் பேரனிடம் சொல்ல வேண்டாம்.

செம்பை அவன் தொடாமல் பார்த்துக்கொள். கை வியர்வை பட்டால் விரல் அடையாளத்தோடு கறுத்துவிடும். கிராமத்தில் வீடுகளும் இருக்கின்றன, கலைஞர்கள் குடியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது.

முட்டுக்காட்டில் பழைய வீடுகளை வைத்திருக்கிற தட்சிணசித்ரா மியூசியத்தையும் அதே நாளில் பார்த்துவிடலாம் என்று மாப்பிள்ளை சொல்லுவார். கூடாது. அதற்கே ஒரு பகல் வேண்டும், செவ்வாய்க்கிழமை விடுமுறை வேறு.

அம்மாதான் முணுமுணுக்கிறாள். "கல்லைப் பார்க்க அவ்வளவு தூரமா? இதோ இருக்கு தாராசுரம், டவுன் பஸ்ஸில் போய்ட்டு வந்துடலாம்" என்கிறாள். அவளுக்கு முட்டி வலி. மர நிழலில் உட்கார்ந்துகொள்வாள், பேரன் மடியில் இருந்தால் ஒன்றும் பேசமாட்டாள்.

இன்னொன்று. மாப்பிள்ளை சைக்கிளில் மாட்டுகிறாரே, அந்தச் சின்ன டார்ச்சைக் கழற்றி எடுத்துவரச் சொல். போன் வெளிச்சம் பரவிப்போகிறது, உள்ளே எட்டாது.

இப்படிக்கு,
அப்பா

பின்குறிப்பு: அம்மா உன் அளவு ஜாக்கெட் ஒன்றைக் கொண்டுவரச் சொன்னாள். பழையது இங்கே இருப்பது உனக்குச் சேராதாம்.