16 வயது ஆகாவிட்டால் கோயா கிடையாதா?

ஸ்பெயின் திரைப்பட அகாடமியின் நிர்வாகிகளுக்கு, வணக்கம்.

நீங்கள் வருஷா வருஷம் கொடுக்கும் கோயா திரைப்பட விருதுகளில், 16 வயது ஆகாதவர்களுக்கு நடிப்பு விருதுகளில் இடமில்லை என்ற விதியை எடுத்துவிடுங்கள், முடியாதென்றால் அதற்கு ஈடாக வேறு ஏதாவது செய்யுங்கள்.

2023 பெர்லின் திரைப்பட விழாவில் '20,000 தேனீ இனங்கள்' படத்துக்காக ஒன்பது வயது சோஃபியா ஒத்தேரோ, பெரிய பெரிய நடிகர்களை எல்லாம் தாண்டி, முதன்மை நடிப்புக்கான வெள்ளிக் கரடி விருதை வாங்கினாள். அடுத்த வருஷம் அதே படத்துக்கு நீங்கள் 15 பரிந்துரைகள் கொடுத்தீர்கள், வேறெந்தப் படத்துக்கும் அவ்வளவு இல்லை. எஸ்திபாலிஸ் உர்ரெசோலாவுக்குப் புதுமுக இயக்குநர் விருது, திரைக்கதை விருது, அனே கபராயினுக்குத் துணை நடிகை விருது, எல்லாம் சரி, படத்தையே தாங்கி நின்ற பிள்ளையின் பெயர் மட்டும் பட்டியலிலேயே இல்லை. 2021இல் சிறந்த படத்துக்கான கோயாவை வாங்கிய 'லாஸ் நின்யாஸ்' நாயகி ஆந்த்ரேயா ஃபாந்தோஸுக்கும் இதே கதிதான்.

இத்தனைக்கும் முன்பு நீங்களே கொடுத்ததுதானே! 'எல் போலா'வுக்காக ஹுவான் ஹொசே பயெஸ்தா, 'பான்ஸ் லாபிரிந்த்'துக்காக இவானா பகேரோ, 'கமினோ'வுக்காக நெரியா கமாச்சோ என்று வரிசையாகப் பிள்ளைகள் புதுமுக விருது வாங்கினார்கள். 2011இல் 'பா நெக்ரே'யின் பையனும் பெண்ணும் ஆளுக்கொன்று வாங்கிய பிறகுதான் இந்த விதி வந்தது. அதற்கு முந்தைய வருஷம் அர்ஜென்டினாவில் எப்போதோ பேர் வாங்கிவிட்ட, நாற்பது வயதான சொலெதாத் வியாமிலுக்குப் 'புதுமுக' நடிகை விருது கொடுத்தீர்கள் என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை (நல்ல நடிகை, அவர்மேல் குறையில்லை).

பிள்ளைகளைப் பாதுகாக்கத்தான் என்பீர்கள். நியாயமான கவலைதான். ஆனால் வாரக்கணக்கில் படப்பிடிப்பில் நின்று, பேட்டி கொடுத்து, திருவிழா திருவிழாவாகப் போய்வந்த பிள்ளையை விருதிலிருந்து மட்டும் காப்பாற்றி என்ன ஆகப்போகிறது? கேமரா முகத்துக்கு நேராக இருக்கும்போது தோற்றுப்போவதுதான் கொடுமை என்றால் போட்டியே வேண்டாம், பரிந்துரைப் பட்டியலும் மேடையில் பிரிக்கும் உறையும் வேண்டாம், அந்த வருஷம் நன்றாக நடித்த பிள்ளைக்கு முன்கூட்டியே அறிவித்துத் தனியாக ஒரு கோயா கொடுங்கள். இந்தியத் தேசிய விருதுகளில் குழந்தை நட்சத்திரத்துக்குத் தனிப் பிரிவே உண்டு, 'காக்கா முட்டை' சிறுவர்கள் இருவரும் சேர்ந்துதான் வாங்கினார்கள், அதனால் யாரும் கெட்டுப்போகவில்லை.

விதிமுறைகளை வருஷா வருஷம் புதிதாகத்தானே வெளியிடுகிறீர்கள், அடுத்த முறை இந்த ஒரு வரியையும் உறுப்பினர்கள் முன்னால் வைத்துப் பேசுங்கள்.