கவிழ்த்து வைத்த டயல்

அன்புள்ள நண்பா,

எட்டு மாதமாக உன் கடிதம் என் மேசை மேலேயே கிடக்கிறது. நாளைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம் என்று தள்ளிப் போட்டதில் இவ்வளவு நாள் ஓடிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. முழங்கால் வலி குறைந்ததா? நம் ஆட்டங்களில் விதி சொல்லும் நம்ம நீதிபதியிடம் பேசினாயா? இங்கே எல்லோரும் சௌக்கியம். இனி விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதை உன்னிடம் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

பெட்டியைத் திறந்துவிட்டேன்டா.

2012-ல் வந்த அதே முதல் பதிப்பு எக்ஸ்-விங் பெட்டி, நாம் ஆடிய ஸ்டார் வார்ஸ் விண்கலச் சண்டை விளையாட்டு. பெரியவள்தான் பரணிலிருந்து இழுத்துக்கொண்டு வந்தாள். உட்கார்ந்து எண்ணிப் பார்த்தோம். கப்பல்களில் ஒரு எக்ஸ்-விங், இரண்டு டை ஃபைட்டர், சிவப்புப் பகடை 3, பச்சை 3, கப்பலை நகர்த்த வைக்கும் நகர்வுப் பட்டை 11, விண்கற்களாக வைக்கும் அட்டைக் கற்கள் 6. ஒன்றுகூடத் தொலையவில்லை! நீ ஒட்டிய இறக்கை அப்படியே இருக்கிறது. மூன்றாவது கல்லும் பத்திரமாக இருக்கிறது, அந்தக் கதையை மறுபடி ஆரம்பிக்காதே.

பெட்டி மேல் 14 வயது முதல் என்று போட்டிருப்பதைக் காட்டி, இப்போது வேண்டாம் என்றேன். பெரியவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எனக்கு 9, தம்பிக்கு 5. கூட்டினா 14தானே?" என்றாள். அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

முதல் நாள் சுடுவதே கிடையாது என்று வைத்துக்கொண்டேன். பகடை, அட்டை எல்லாவற்றையும் பெட்டிக்குள்ளேயே விட்டுவிட்டேன். மேசையில் கறுப்புத் துணி, ஆறு கல், மூன்று கப்பல். கற்களைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு யார் முதலில் திரும்பி வருகிறார்களோ அவர்களுக்கு வெற்றி. இதைவிட நல்ல ஆரம்பம் எனக்குத் தோன்றவில்லை, நீயும் இப்படியே செய். ஏனென்றால் இந்த விளையாட்டின் உயிரே ஒவ்வொரு கப்பலின் நகர்வையும் குறிக்கும் அந்த டயல் என்ற வட்டத் தகட்டில்தான் இருக்கிறது. எவ்வளவு வேகம், எந்தப் பக்கம் என்று ரகசியமாகத் திருப்பி, கவிழ்த்து வைத்துவிட்டால் அப்புறம் மாற்ற முடியாது. எல்லோரும் வைத்த பிறகுதான் ஒவ்வொன்றாகத் திறக்கவேண்டும். சின்னவனுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் அம்புக்குறி புரிகிறது, எண் புரிகிறது. டயலைக் கவிழ்த்துவிட்டு இரண்டு கையாலும் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான் பார், அந்த முகத்தை நீ பார்த்திருக்கவேண்டும். வாழ்க்கையில் முதல் தடவையாக அவனிடம் ஒரு ரகசியம் இருந்தது.

பட்டையை ஒருவர் அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் கப்பலை நகர்த்தவேண்டும். சின்ன விரல்களுக்கு இரண்டையும் ஒன்றாகச் செய்ய வரவில்லை. அதனால் பிடிப்பது தம்பி வேலை, நகர்த்துவது அக்கா வேலை என்று அவர்களே பிரித்துக்கொண்டார்கள். நாள் முழுக்க சண்டை போடும் இரண்டும் அந்த ஒரு மணி நேரம் ஒரே கப்பல் ஊழியர்கள் மாதிரி இருந்தார்கள்.

சந்தேகங்கள் வேறு! டயலில் வேகம் ஒன்று என்று வைத்தால் கப்பல் ஏன் இரண்டு கப்பல் தூரம் போகிறது என்று பெரியவள் பிடித்துக்கொண்டாள். நாம் இத்தனை வருஷம் ஆடியும் இதைக் கவனிக்கவே இல்லை. பட்டை 4 சென்டிமீட்டர், கப்பலின் அடித்தட்டும் 4 சென்டிமீட்டர். கப்பலின் பின்பக்கம் பட்டையின் அந்த முனைக்குப் போவதால் மொத்தம் 8. அவளே அளவுகோல் வைத்து அளந்து கண்டுபிடித்தாள். டை ஃபைட்டரால் வேகம் ஒன்றில் நேராகப் போக முடியாது, சட்டென்று திரும்பத்தான் முடியும் என்பதையும் அவள்தான் டயலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துச் சொன்னாள். சின்னவன் எல்லாவற்றுக்கும் வேறு பெயர் வைத்துவிட்டான். அப்படியே எதிர்த்திசைக்குத் திரும்பும் நகர்வு அவனுக்குக் குட்டிக்கரணம். குட்டிக்கரணம் போட்டால் கப்பலுக்கு மூச்சு வாங்கும். டயலில் பச்சையாக இருக்கும் நகர்வு வைத்தால் மூச்சு திரும்பி வரும். ஸ்ட்ரெஸ் விதியை இதைவிடத் தெளிவாக நீதிபதியால்கூட விளக்க முடியாது.

ஒரு நாள் ராத்திரி பெரியவள் கேட்டாள்: "விண்வெளியிலதான் காத்தே இல்லையே, அப்புறம் எப்படிப்பா இது விமானம் மாதிரி வளைஞ்சு திரும்புது?" உண்மையைச் சொல்லிவிட்டேன். இது 2004-ல் இத்தாலியில் வெளியான விங்ஸ் ஆஃப் வார் என்ற விளையாட்டின் வழியில் வந்தது. அது முதல் உலகப் போர் விமானங்களை வைத்து ஆடுவது, அந்தப் பழக்கம்தான் இதிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நிஜ விண்வெளியில் இன்ஜினை அணைத்தாலும் கப்பல் நிற்காது என்று சொல்லி, 1977-ல் கிளம்பிய வாயேஜர் 1 இன்னமும் விநாடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டே இருக்கிற கதையைச் சொன்னேன். "அப்ப அதோட டயலை யாரு திருப்பறாங்க?" என்று இருட்டில் சின்னவன் குரல். தூங்கிவிட்டான் என்று நினைத்திருந்தேன்.

இரண்டாவது வாரம் பகடையை வெளியே எடுத்தோம். சிவப்புப் பகடையின் எட்டு முகத்தில் நான்கு அடி, பச்சையில் எட்டுக்கு மூன்று தப்பிப்பு. பள்ளியில் பின்னம் என்றாலே மூஞ்சியைத் தூக்கும் பெண், இன்னும் இரண்டு முகத்தை அடியாக மாற்றும் ஃபோகஸ் டோக்கன் எடுத்தால் சிவப்பில் எட்டுக்கு ஆறு ஆகிவிடும் என்று தம்பிக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

இனிதான் நான் சொல்ல வந்தது.

உன் கடிதத்தில் ஒரு யோசனை எழுதியிருந்தாய், ஞாபகம் இருக்கிறதா? குழந்தைகளோடு ஆடினால் முதல் பத்து ஆட்டமாவது தெரியாமல் விட்டுக்கொடு, இல்லாவிட்டால் வெறுத்துவிடுவார்கள் என்று. அப்படியே செய்தேன். எக்ஸ்-விங் எனக்கு, ஆளுக்கு ஒரு டை ஃபைட்டர் அவர்களுக்கு. ஐந்து ஆட்டம் வரிசையாகத் தோற்றேன். சின்னவன் வீடு முழுக்க ஓடிக் கொண்டாடினான். ஆறாவது ஆட்டத்தில் பெரியவள் எனக்கு நேர் பின்னால் வந்து நின்றாள். குட்டிக்கரணம் போட்டிருந்தால் தப்பித்திருப்பேன். போடாமல் நேராகக் கல்லில் கொண்டுபோய் மோதினேன்.

அவள் பகடையைத் தொடவே இல்லை. என் டயலைக் கையில் எடுத்து மெதுவாகத் திருப்பிப் பார்த்தாள். "தம்பிகூட இந்தக் கல்லுல மோதமாட்டான்பா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப போன வாரம் நான் ஜெயிச்சது?"

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. அதுவும் அப்படித்தான் என்றேன். அழவில்லை, கோபப்படவும் இல்லை. கப்பல்களைப் பெட்டிக்குள் அடுக்கி, மூடிவைத்துவிட்டுப் போய்விட்டாள். ஒன்பது நாள் அந்தப் பெட்டி பக்கமே வரவில்லை. போன வாரம் ஜெயித்த ஆட்டத்தைப் படம் வரைந்து அலமாரிக் கதவில் ஒட்டியிருந்தாள், அதையும் கிழித்துப் போட்டிருந்தாள். அதைப் பார்த்தபோது எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. அவளுக்குச் சந்தோஷம் தருவதாக நினைத்து அவளிடமிருந்து ஒன்றைத் திருடியிருக்கிறேன்.

அந்த நாட்களில் உன் அப்பா ஞாபகம்தான் வந்துகொண்டே இருந்தது. நம்மோடு சதுரங்கம் ஆடும்போது முதலிலேயே தன் ராணியை எடுத்துப் பலகைக்கு வெளியே நிறுத்துவாரே. "இது இல்லாம ஆடறேன், வாங்கடா." ராணி இல்லை என்று நமக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அப்புறம் ஒரு காயைக்கூடச் சும்மா விடமாட்டார். அவரை ஜெயித்த அன்று நீ தெருமுனை வரை கத்திக்கொண்டு ஓடினாய்.

பத்தாவது நாள் பெரியவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, என் டயலைத் திருப்பி, முகம் மேலே தெரிய மேசையில் வைத்தேன். "நான் எங்கே போகப்போறேன்னு உங்க ரெண்டு பேருக்கும் முன்னாடியே காட்டிடறேன். அதுக்கப்புறம் நீங்க வைங்க. மத்தபடி எதையும் விட்டுக்கொடுக்கமாட்டேன்." அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு தன் டயலை எடுத்தாள்.

அன்று நிஜமாகவே ஆடினேன்டா, உன்னோடு ஆடுவது மாதிரி. பக்கத்தில் போனால் கூடுதல் சிவப்புப் பகடை உண்டு என்பதால் சின்னவனை நெருங்கிப் போய்ச் சுட்டு வீழ்த்தினேன். கண் கலங்கியது. ஆனால் அக்கா பட்டையைப் பிடிக்கச் சொன்னதும் துடைத்துக்கொண்டு வந்துவிட்டான். இதுவரை இப்படி ஆறு ஆட்டம் ஆடியிருக்கிறோம். அவர்கள் நான்கு, நான் இரண்டு. புதிய படம் ஒன்று கதவில் ஏறியிருக்கிறது.

உன் பெண்ணுக்கு ஏழு வயதாகிறது. நீ எதை ஆடினாலும் அவளிடம் விட்டுக்கொடுத்துக்கொண்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். தயவுசெய்து நிறுத்து. ராணியை வெளியே வை, டயலைத் திறந்து வை, கப்பலைக் குறைத்துக்கொள், எதைக் குறைத்தாலும் அவள் கண்ணெதிரே குறை.

2024-ல் இந்த விளையாட்டுக்கு இனிப் புதிதாக எதுவும் வராது என்று அறிவித்தபோது எல்லாம் முடிந்துவிட்டது என்று புலம்பியிருந்தாயே. என் மேசைக்கு வந்து பார். மூன்றே கப்பல், அதுவே அவர்களுக்குத் தீரவில்லை. உன்னிடம் கப்பலைத் தாங்கும் அந்தக் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் குச்சிகள் மிச்சம் இருந்தால் நாலைந்து எடுத்துவை, இங்கே இரண்டு உடைந்துவிட்டன.

ஞாயிற்றுக்கிழமை நான் வழக்கம்போல டயலைத் திறந்து வைத்தேன். பெரியவள் கையை நீட்டி அதைக் கவிழ்த்துவிட்டாள். "இன்னிக்கு வேண்டாம்பா." ஒரே ஒரு சேத அட்டையில் தோற்றாள். மறுநாள் காலையில் பல்கூடத் துலக்காமல் கற்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

நீ வருவதாகச் சொல்லியிருக்கிறேன். மாமா முதல் நகர்வு எப்போதும் என்ன வைப்பார் என்று இரண்டும் என்னைத் துளைத்தெடுக்கின்றன. நான் சொல்லவில்லை.

என்றும் உன்,
பழைய எதிரணி