டினிக்ளிங் ஆட எதைப் படிப்பது?

அன்பு மகள் தேன்மொழிக்கு,

ஆகஸ்டு மாத மொழி விழாவில் தோழிகளோடு, தட்டப்படும் மூங்கில் கழிகளுக்கு நடுவே கால்வைத்து ஆடும் பிலிப்பைன்ஸ் நாட்டுப்புற நடனமான டினிக்ளிங் ஆடப்போவதாகவும், அதைப் பற்றி நம்பகமாக எங்கே படிப்பது என்று புரியவில்லை என்றும் எழுதியிருந்தாய். நூலகத்திலேயே காலத்தைக் கழித்த அப்பாவிடம் கேட்டால் காணொளிக்கு முன்பு புத்தகத்தைத்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்.

நீ முதலில் தேட வேண்டிய பெயர் பிரான்சிஸ்கா ரேயஸ் அகினோ. 1920களில் ஊர் ஊராகச் சென்று, மக்கள் ஆடிக் காட்டியவற்றை அடிவைப்பு, தாளம், உடை, இசை என்று பிரித்து எழுதிவைத்தவர் அவர். 1973இல் பிலிப்பைன்ஸ் அவரைத் தேசியக் கலைஞராக அறிவித்தது. பல தொகுதிகளாக வெளிவந்த அவருடைய நாட்டுப்புற நடன நூல்களை உங்கள் கல்லூரி நூலகத்தில் கேட்டுப் பார். அங்கே இல்லையென்றால் அருகிலுள்ள பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரைக் கேள்.

காணொளிகளில் எச்சரிக்கை தேவை. 1957இல் தொடங்கி, மறு ஆண்டே பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் ஆடிய பயானிஹான் என்ற பிலிப்பைன்ஸ் நடனக் குழுவினரின் ஆட்டம் கண்ணுக்கு விருந்துதான், ஆனால் அது மேடைக்கென்று செதுக்கப்பட்டது. உடற்பயிற்சி வகுப்புகளுக்காக நான்கு எண்ணிக்கைக்கு மாற்றப்பட்ட வடிவத்தையும் பார்ப்பாய். மூலத் தாளமோ மூன்று எண்ணிக்கை கொண்டது. தெற்குப் பிலிப்பைன்ஸின் மரனாவ் மக்கள் ஆடும் சிங்கில், மிசோரமின் செராவ் ஆகிய வேறு மூங்கில் நடனங்களும், மூங்கிலைக் கண்டவுடன் டினிக்ளிங் என்ற பெயரிலேயே சேர்ந்துவிடுகின்றன.

ஸ்பானியர் ஆட்சியில் வேலையில் சுணங்கியவர்களை மூங்கில்களுக்கு நடுவே நிறுத்தித் தண்டித்ததிலிருந்து இந்த ஆட்டம் பிறந்தது என்ற கதை எனக்கு நம்பும்படி இல்லை. ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதியதாகவே தெரிகிறது. லெய்த்தே தீவின் நெல்வயல்களில் உழவர் வைத்த மூங்கில் பொறிகளுக்குத் தப்பி, நெடுங்கால்களைத் தூக்கித் தூக்கி வைக்கும் டிக்ளிங் பறவையின் நடையே ஆட்டமானது என்பதைத்தான் பெரும்பாலோர் ஏற்கின்றனர், அடிவைப்பும் அதையே காட்டுகிறது. உன் விடுதியில் லெய்த்தேயிலிருந்து வந்தவர் யாரேனும் இருந்தால், அவர் வீட்டுப் பெரியவர்களிடம் பேசு. நூலில் அகப்படாத நெளிவுசுளிவுகள் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஆடுவோரைப் பற்றியே எல்லோரும் எழுதுகிறார்கள், கழி தட்டுவோரை மறந்துவிடுகிறார்கள். தாளம் அவர்கள் கையில் இருப்பதால், முதல் சில நாட்கள் நீயும் உட்கார்ந்து கழியைப் பிடித்துப் பழகு. வெடிப்பு விட்ட மூங்கிலை மட்டும் எடுக்காதே. கிடைத்த தொகுதியில் டினிக்ளிங் வரும் பக்கங்களைப் படமெடுத்து எனக்கும் அனுப்பு.

அன்புடன்,
அப்பா