நோயாளியாக நடிக்க அவர்களையே அழைக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவக் கல்லூரியில், அறிவுத்திறன் குறைபாடுள்ள நடிகர்கள் நோயாளிகளாக நடித்து மாணவர்களுக்குப் பயிற்சி தந்திருக்கிறார்கள். மாணவர் அவசரப்பட்டாலோ, விளங்காத சொல்லைப் போட்டாலோ, அதை எதிரில் இருப்பவரே சொல்லிவிடலாம். எந்தப் பாடப்புத்தகமும் அப்படிச் சொல்லாது.

இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டில், அதே குறைபாடுள்ள என் அக்கா மகனைக் கிளினிக்கிற்குக் கூட்டிப் போனால், டாக்டர் “எங்கே வலிக்கிறது?” என்று அக்காவிடம்தான் கேட்கிறார். பையனுக்கு இருபத்தாறு வயது. தமிழும் மலாயும் பேசுவான். பதில் சொல்லக் கொஞ்சம் நேரம் எடுக்கும், அவ்வளவுதான். (அக்காவுக்கு எங்கே வலிக்கிறது என்று யாரும் கேட்பதில்லை, அது வேறு கதை.)

நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008-இலேயே வந்துவிட்டது; சுகாதாரச் சேவை பெறும் உரிமையும் அதில் இருக்கிறது. சரி, கிளினிக் அறைக்குள் அது எப்போது நுழையும்?

நம் வட்டாரத்துப் பி.டி.கே. எனும் சமூக மறுவாழ்வு மையங்களில் பயிலும் பிள்ளைகளில் நடிப்பில் ஆர்வமுள்ளவர்களைத் தயார்படுத்தி, ஈப்போ பக்கம் ஏதாவதொரு கல்லூரியில் தாதியர் பயிற்சிக்கு அழைக்கலாம். அப்புறம் போலீஸ், வங்கி ஊழியர்களுக்கும். ஆனால் சம்பளம் கொடுத்து அழையுங்கள். சாப்பாட்டுப் பொட்டலமும் நற்சான்றிதழும் சம்பளத்தில் சேராது.

தங்கள் வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்